ஆச்சியின் ‘தோற்றம்’

ஆச்சி இறந்த அன்று பிற்பகலில், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடிப்பதற்காக மாமாவும் நானும் அம்பாசமுத்திரத்தில் ஓர் அச்சகத்துக்குப் போயிருந்தோம். கணினியின் முன்னால் இருந்த பையன் புகைப்படத்தை வாங்கி ஏற்றினான், பெயரைத் தட்டினான், ‘மறைவு’ என்பதற்கு எதிரே அன்றைய தேதியைப் போட்டான், பிறகு ‘தோற்றம்’ என்ற சொல்லுக்கு எதிரே விரலை நிறுத்திக்கொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தான். மாமா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அம்மா அழுகைக்கு நடுவே சித்தியிடம் கேட்டாள். எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்து, மூன்று பிள்ளைகளையும் ஏழு பேரப்பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கிய ஒருத்தி எந்த நாளில் பிறந்தாள் என்பது அவள் பெற்ற பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த 1945 ஜனவரி 1 என்ற தேதியையே போடச் சொன்னோம். அது பிழை என்பது அங்கே நின்ற எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தக் கணக்குப்படி மாமா பிறந்தபோது ஆச்சிக்குப் பதினான்கு வயதுகூட நிறைந்திருக்காது. தெரிந்தே பிழையான ஒரு தேதியைத் தெருவெங்கும் ஒட்டிவிட்டு அவளை வழியனுப்பினோம்.

இது 2022 நவம்பரில் நடந்தது. அந்தக் குறை என்னை மற்றவர்களைவிட அதிகமாக வருத்தியதற்குக் காரணம் உண்டு. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நான் ஆச்சியின் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்துவந்தேன். இருபத்து மூன்று ஒலிப்பதிவுகள் என்னிடம் இருந்தும், ஒரு தேதியைக் கேட்டுவைக்கத் தோன்றவில்லை. அந்தப் பதிவுகளை எப்படிச் செய்தேன், எங்கே தவறினேன், அவள் போன பிறகு விட்டுப்போனவற்றை எப்படித் தேடிச் சேர்த்தோம் என்பதையெல்லாம் எழுதிவைத்தால், வீட்டில் வயதானவர்கள் இருக்கும் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

ஆச்சி என் அம்மாவைப் பெற்றவள். கடையம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, சேரன்மாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தாத்தா சொந்தமாகக் கொஞ்சமும் குத்தகைக்கு மிச்சமுமாக நெல் பயிரிட்டார். பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால் கார், வடகிழக்குப் பருவமழை பெய்தால் பிசானம் என்று இரண்டு போகங்களாகவே எங்கள் வீட்டின் ஆண்டு பிரிந்திருந்தது. தாத்தா 1994இல் இறந்த பிறகு, யாருடைய வீட்டுக்கும் போய் இருக்க மாட்டேன் என்று சொல்லி, அந்த ஓட்டு வீட்டிலேயே இருபத்தெட்டு ஆண்டுகள் தனியாக இருந்து, குத்தகை நெல்லை அளந்து வாங்கி, மூன்று பிள்ளைகளின் குடும்பங்களுக்கும் அரிசியும் பருப்புப்பொடியும் வற்றலும் வடகமும் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியமானாலும், ‘ஆச்சியிடம் ஒரு வார்த்தை’ என்பதற்குப் பிறகுதான் நடக்கும்.

2019 மே மாதம், பள்ளிக்கூட விடுமுறையில் அவளுடைய கதையைப் பதிவு செய்வது என்று முடிவு செய்துகொண்டு ஊருக்குப் போனேன். நான் ஆசிரியை என்பதால் கேள்விகளையெல்லாம் முறையாக ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தேன். முன்கட்டில் நாற்காலி போட்டு, அவளைப் புதுச்சேலை கட்டிக்கொள்ளச் சொல்லி உட்காரவைத்து, எதிரே கைபேசியை நிறுத்தி, “ஆச்சி, உன் வாழ்க்கையைப் பத்திச் சொல்லு” என்றேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “என்னத்தச் சொல்ல? எல்லாரையும் போலத்தான். கஷ்டமும் பட்டாச்சு, நல்லாவும் இருந்தாச்சு” என்றாள். அடுத்த கேள்விக்கும் அதைப் போலவே ஒரு வரிதான் பதிலாக வந்தது. பத்து நிமிடத்தில் என் நோட்டு தீர்ந்துவிட்டது. அவளிடம் கதை இல்லாமல் இல்லை; சிறுவயதில் அவள் மடியில் படுத்துக்கொண்டு நான் கேட்காத கதையா? பிழை என் கேள்வியில் இருந்தது. ஒரு வாழ்க்கையை மொத்தமாகத் தூக்கி எதிரே வை என்று கேட்டால் யாராலும் வைக்க முடியாது.

மறுநாள் காலையில் அவள் முற்றத்தில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு கறுப்பு உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. “உளுந்துன்னா அப்ப வரப்புல போடுவாக” என்று அவளாகவே தொடங்கி, வரப்பிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து அவளுடைய மாமியாருக்கும், மாமியாரிடமிருந்து அந்த வீட்டுக்கு வந்த முதல் ஆண்டில் அவள் யாருக்கும் தெரியாமல் அழுத இடத்துக்கும் போய்விட்டாள். நான் மெதுவாகக் கைபேசியை எடுத்து, “ஆச்சி, பதிஞ்சுக்கிடட்டுமா?” என்று கேட்டேன். “பதி, எனக்கென்ன” என்றாள். நாற்பது நிமிடம் பேசினாள். அவளுடைய வாழ்க்கை அவள் செய்த வேலைகளுக்குள்தான் இருந்தது என்பதை அன்று புரிந்துகொண்டேன். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை என்பதால் சொல்லக் கூச்சமான விஷயமும் வெளியே வருகிறது. அதற்குப் பிறகு நான் செய்த பதிவுகள் எல்லாமே ஏதாவது ஒரு வேலையின் நடுவில் செய்தவைதான். புளி கொட்டை எடுக்கும்போது, கூழ்வடகம் ஊற்றும்போது, பூ கட்டும்போது, ஒருமுறை ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தோடு படித்துறையில் உட்கார்ந்திருக்கும்போது.

கேள்வி கேட்க வேண்டிய இடம் வந்தால் அது சின்னக் கேள்வியாக இருக்க வேண்டும் என்பதையும் கற்றேன். “உன் கல்யாணம் எப்படி நடந்தது?” என்று கேட்டால் “நல்லா நடந்தது” என்பாள். “கல்யாணத்துக்கு மறுநாள் சொதி யார் வச்சா?” என்று கேட்டால், மூன்று பால் எடுக்கத் தேங்காய் போதாமல் பக்கத்து வீட்டு மரத்தில் ஆள் ஏற்றியதும், சமையல்காரர் முதல் பாலை ஊற்றிய பிறகும் அடுப்பை எரியவிட்டதால் சொதி திரிந்துபோனதும், மறுவீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்ததும், அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துத்தான் அவளுடைய அப்பாவுக்குப் பெண்ணைக் கொடுத்த இடத்தில் நம்பிக்கை வந்ததும் என்று அடுக்கடுக்காக வந்துவிடும். எந்தப் படித்துறையில் குளித்தீர்கள், முதன்முதலில் பஸ் ஏறியது எங்கே, தாத்தாவுக்குப் பிடிக்காத காய் எது என்று கேட்க வேண்டும். இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். ஆண்டு தவறினாலும் பெயர் மாறினாலும் நடுவில் திருத்தக் கூடாது. என் முதல் பதிவுகளைத் திரும்பக் கேட்கும்போது, அவள் ஏதோ சொல்லவந்து நிறுத்துகிற இடங்களில் நான் அவசரப்பட்டு அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பது காதில் விழுகிறது. அந்த மௌனத்தை இன்னும் ஐந்து நொடி விட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பாம்படத்தின் கதையை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். ஆச்சியின் மாமியார் காதில் பாம்படம் போட்டிருந்தவர். வளர்த்த காதில் தொங்கும் அந்தப் பொன் நகையை இன்று திருநெல்வேலிப் பக்கம் மிக வயதான சிலரிடம்தான் பார்க்க முடிகிறது. மாமியார் இறக்கும்போது அதை ஆச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆச்சி அதைப் போட்டுக்கொண்டதில்லை. அவள் தலைமுறையிலேயே காது வளர்க்கும் வழக்கம் குறைந்துவிட்டது. ஆனால் அது வீட்டில் இருந்தது, பிறகு இல்லாமல் போனது. அது எங்கே போனது என்பதில்தான் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கதை. பாளையங்கோட்டையில் தன்னைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக 1975இல் விற்றார்கள் என்பது மாமாவின் உறுதியான நினைவு. தன் கல்யாணத்துக்காக 1982இல் அழித்து வளையல் செய்தார்கள் என்று அம்மா சொல்வாள்; அந்த வளையல் இன்னும் அவள் கையில் இருக்கிறது. சித்தியோ, கார் பொய்த்த ஓர் ஆண்டில் பக்கத்து வீட்டுக்காரர் வீட்டில் பிரசவச் செலவுக்காக ஆச்சி அதை அடகு வைத்துக் கொடுத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்வாள். விசேஷ வீடுகளில் இந்தப் பேச்சு வந்தால் வருத்தத்தில்தான் முடியும். ஒவ்வொருவருக்கும் அந்த நகை தன்னிடம் அம்மா வைத்திருந்த பிரியத்தின் சாட்சியாக இருந்தது.

புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், நான் கேட்காமலேயே ஆச்சி இதைச் சொன்னாள். “பாம்படம் ரெண்டுல்லா. ஒண்ண உங்க மாமன் படிப்புக்கு வித்தேன். பாக்கத்தான் பெருசு, உள்ள பூரா அரக்கு. ஆசாரி உருக்கிக் காட்டும்போது எனக்கு அழுகையே வந்திட்டு. இன்னொண்ண உங்கம்மைக்கு வச்சிருந்தேன்.” மாமாவின் நினைவும் அம்மாவின் நினைவும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன. இரண்டு காதுக்கு இரண்டு நகை என்பது எங்களில் ஒருவருக்கும் நாற்பது ஆண்டுகளாகத் தோன்றியதில்லை. அந்தப் பதிவை நான் மூவருக்கும் போட்டுக் காட்டியபோது மாமா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

சித்தி சொன்ன அடகுக் கதையை ஆச்சி எந்தப் பதிவிலும் சொல்லவில்லை. ஆச்சி சொல்லாததால் அது நடக்கவில்லை என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. கொடுத்ததைச் சொல்லிக்காட்டும் வழக்கம் அவளிடம் இருந்ததில்லை. எங்கள் குடும்ப நோட்டில் அந்தப் பக்கத்தில் மூன்று கதைகளும், யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற குறிப்போடு அப்படியே இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் நினைவுகளைச் சேர்ப்பவர்கள் நீதிபதியாக உட்காரக் கூடாது என்பது என் கருத்து. முரணாக இருப்பதை அருகருகே எழுதிவைத்தால் போதும்; ஒன்றை அழித்து ஒன்றை நிறுத்தினால், அழிக்கப்பட்டவரின் அம்மா அவருக்கு இல்லாமல் போய்விடுகிறாள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பதிவில், பேச்சு ஒரு குறிப்பிட்ட ஆண்டை நெருங்கும்போது, ஆச்சி, “இத அணைச்சுப்போடு தாயி” என்றாள். அணைத்தேன். பிறகு அரைமணி நேரம் பேசினாள். அதை நான் நோட்டில் எழுதவில்லை, அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, இங்கும் எழுதப்போவதில்லை. அணை என்றதும் உண்மையாகவே அணைத்துவிட்டதால்தான் அடுத்த பதினான்கு பதிவுகளுக்கும் அவள் சம்மதித்தாள் என்று நம்புகிறேன்.

சமையல் அளவைப் பிடிப்பது தனிப் பாடு. ஆச்சியின் அளவெல்லாம் கைப்பிடி, சிட்டிகை, ‘கண்ணளவு’ என்றுதான் இருக்கும். நான் எழுதிக்கொண்டு வந்து பாளையங்கோட்டை வீட்டில் செய்துபார்த்த உளுந்தம்பருப்புச் சோறு ஒருமுறையும் அவளுடையதைப் போல வரவில்லை. பிறகு ஒரு சின்னத் தராசை வாங்கிக்கொண்டு போய், பானைக்குள் போவதற்கு முன்னால் அவள் கையில் அள்ளியதை முதலில் என் தட்டில் போடச் சொன்னேன். அவளுடைய கைப்பிடிப் பருப்பு 35 கிராம், என்னுடையது 45 கிராம். வயலிலும் அடுப்படியிலும் உழைத்துக் காய்த்திருந்த அந்தக் கை என் கையைவிடச் சிறியது என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. அவள் அளக்கும் பித்தளை உழக்கில் தண்ணீர் ஊற்றி அளந்தபோது 330 மில்லி வந்தது. அந்த உழக்கால் அம்பை 16 அரிசி ஓர் உழக்கு, தோல் நீக்காமல் உடைத்துச் சிவக்க வறுத்த கறுப்பு உளுந்து அரை உழக்கு, தண்ணீர் நாலரை உழக்கு, முழுப் பூண்டுப் பல் பதினைந்து, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் சீரகம், மஞ்சள், அரை மூடித் தேங்காய்த் துருவல். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். எள்ளுத் துவையல் இல்லாமல் அதைப் பரிமாறுவதை அவள் ஒப்புக்கொண்டதில்லை. பெண்பிள்ளைகள் பெரியவளானால் இடுப்புக்குப் பலம் என்று எங்கள் பக்கம் விடாமல் கொடுப்பது இந்தச் சோற்றைத்தான். எழுத்தில் வராத ஒன்று வறுக்கும் பதம். அதற்கு ஒலிப்பதிவுதான் உதவியது. உளுந்து சட்டியில் படபடவென்று சத்தமிட்டு, அந்தச் சத்தம் அடங்கும் இடத்தில், “இப்ப எறக்கு” என்று அவள் குரல் கேட்கிறது.

பதிவு செய்யும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைபேசியிலேயே இருக்கும் ஒலிப்பதிவுச் செயலி போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடித்த துண்டின் மேல் கைபேசியை வைத்தால் குரல் தெளிவாக விழுகிறது. பதிவு முடிந்த அன்றே கோப்புக்கு நாள், இடம், பேசியவர், பேசிய பொருள் என்று தமிழில் பெயர் வைத்துவிட வேண்டும். எண்களாகவே விட்டுவைத்த என் முதல் நான்கு பதிவுகளை இன்றும் முழுதாகக் கேட்டால்தான் எதில் என்ன இருக்கிறது என்று தெரிகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்பி மூலக் கோப்பை அழித்துவிடக் கூடாது. எங்கள் பதிவுகள் இப்போது என் கணினியிலும், சென்னையில் இருக்கும் மாமா மகனிடம் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும், கூகுள் டிரைவிலுமாக மூன்று இடங்களில் இருக்கின்றன.

இனி அந்தத் தேதிக்கு வருகிறேன். ஆச்சி போய் நாற்பது நாள் கழிந்து, மனம் கொஞ்சம் தெளிந்த பிறகு, எல்லாப் பதிவுகளையும் வரிசையாகக் கேட்டேன். பூ கட்டிக்கொண்டிருந்த பதிவில் பேச்சுவாக்கில் ஒரு வரி இருந்தது: “நயா பைசா வந்த வருசந்தான் எனக்குக் கல்யாணம். மொய்யில ஓரணாவும் கெடக்கு, நயா பைசாவும் கெடக்கு. எண்ணத் தெரியாம எங்க சித்தப்பா முழிச்சாக.” நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரலில். அப்படியானால் கல்யாணம் அந்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். இன்னொரு பதிவில், கல்யாணத்தின்போது பதினேழு நடந்துகொண்டிருந்தது என்கிறாள். வேறொன்றில், சுதந்திரம் வந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்ததாகவும் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்ததாகவும் சொல்கிறாள். மூன்றும் 1940ஐச் சுற்றியே வந்து நிற்கின்றன. அவள் தலைமுறையினருக்கு ஆண்டு என்பது எண் அல்ல. மணிமுத்தாறு அணை கட்டிய காலம், கார் பொய்த்த வருசம், 92ஆம் ஆண்டு நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்த வெள்ளம் என்று நடந்தவற்றின் பெயர்தான் ஆண்டு. ஆகவே “எந்த வருசம்?” என்று கேட்காமல், “அப்போது வேறு என்ன நடந்தது?” என்று கேட்டு, அதை நாம் ஆண்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு என் கைபேசியில் இருந்துகொண்டேதான் இருந்தது. அச்சகத்தில் நின்ற அன்று அது எனக்குத் தெரியவில்லை.

பெயரிலும் இதே சிக்கல். ஆச்சியின் பெயர் குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஒரு விதமாகவும், பட்டாவில் ‘அம்மாள்’ சேர்ந்து வேறு விதமாகவும் இருந்தது. இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டோம். ஆனால் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது, இந்த மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கப் பல மாதங்கள் அலைய வேண்டியிருந்தது. பெரியவர்கள் நன்றாக இருக்கும்போதே அவர்கள் பெயரை எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல ஆக்கிவைப்பது பின்னால் பெரிய நிம்மதி. அந்த அலைச்சலிலும் ஒரு நன்மை விளைந்தது. எல்லா ஆவணங்களிலும் ஆச்சி ‘க/பெ’ என்று தாத்தாவின் பெயரோடுதான் இருந்தாள். அவளைப் பெற்றவரின் பெயர் எதிலும் இல்லை. அவளுடைய அப்பா கல்யாணத்தின்போது மஞ்சக்காணியாக எழுதிக்கொடுத்த கொஞ்சம் வயலின் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து நகல் வாங்கினோம். அதில் அவளுடைய அப்பாவின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், ஊர், தொழில், கூடவே “என் குமாரத்தியான” என்று தொடங்கி ஆச்சியின் பெயர் முழுதாக இருந்தது. மச்சிலிருந்து எடுத்த பத்தமடைக் கல்யாணப் பாயில் மணமகளின் பெயராக நெய்திருந்ததும் எழுத்துக்கு எழுத்து அதே பெயர்தான். பழைய நிலப் பத்திரங்களைச் சொத்துக்காக மட்டும் பார்க்கிறோம். ஒரு பெண்ணின் பிறந்த வீடு எழுத்தில் மிஞ்சியிருக்கும் இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

புகைப்படங்கள் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஆற்றை ஒட்டிய தெருவில் இருந்த சித்தி வீட்டில் இருந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி அந்தத் தெருவுக்குள் இடுப்பளவு வந்தது. தண்ணீர் வடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் சேறு. ஒட்டிக்கொண்டிருந்த படங்களைப் பதற்றத்தில் இழுத்துப் பிரித்து இரண்டைக் கிழித்துவிட்டேன். பிறகு, ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு நண்பர் தொலைபேசியில் சொன்ன முறையைப் பின்பற்றினோம். ஒட்டிய படங்களைக் காயவிடாமல், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, தானாகப் பிரியும்போது எடுத்து, படம் இருக்கும் பக்கம் மேலே தெரியும்படி வெள்ளைத் துணியில் நிழலில் பரப்ப வேண்டும். வெயிலிலோ சூடான காற்றிலோ காட்டக் கூடாது. படத்தின் முகத்தில் விரல் படக் கூடாது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் பிழைத்தன. 1980, 1990களின் கலர்ப் படங்களில் பல, நிறம் கரைந்து வெறும் தாளாகிவிட்டன. அம்மாவின் வளைகாப்பில் ஆச்சி நின்ற படம் அப்படித்தான் போனது. படங்களைப் பெட்டியில் வைத்திருப்பது பத்திரம் என்று நினைத்திருந்தோம்; கைபேசியிலாவது எடுத்துவைத்திருந்தால் அந்த முகம் இருந்திருக்கும்.

உலர்ந்த படங்களை வைத்துக்கொண்டு அம்மா, மாமா, சித்தி மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொன்னார்கள். நான் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் எழுதினேன். பேனா மை ஊறி முன்பக்கம் தெரிந்துவிடும். இடமிருந்து வலம் என்று வரிசையாக எழுதி, தெரியாதவருக்கு ‘தெரியவில்லை’ என்று எழுதி, யாரிடம் கேட்டால் தெரியும் என்பதையும் பக்கத்தில் குறித்தேன். ‘தெரியவில்லை’ என்று எழுதிய படங்களில் ஒன்று, பாபநாசம் சித்திரை விசுத் திருவிழாவில், திரைச்சீலைக்கு முன்னால் இரண்டு தாவணிப் பெண்கள் கைகோத்து நிற்கும் படம். வலப்பக்கம் இருப்பது ஆச்சி, பதினாறு வயது இருக்கலாம். இடப்பக்கத்துப் பெண் யாரென்று மூவருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய ஆச்சியை அவர்களுக்கும் தெரியாதுதானே.

படித்துறையில் எடுத்த பதிவில், “என் சேக்காளி ஒருத்தி, ஆழ்வார்குறிச்சியில கெட்டிக்கொடுத்தாக” என்று ஆச்சி ஒருமுறை சொல்கிறாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, ஆச்சி பிறந்த ஊர்ச் சொந்தக்காரர்கள் வழியாக விசாரித்து, 2024 ஜூலையில் அம்மாவும் நானும் ஆழ்வார்குறிச்சிக்குப் போனோம். தெருக்கோடியில் ஒரு வீடு. திண்ணையை ஒட்டிய அறையில் கட்டிலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். மருமகள் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். நான் படத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தார்.

“இது நாந்தாம்மா” என்றார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்து, “நீ அவ மகளா? அவ எப்படி இருக்கா?” என்று கேட்டார்.

ஆச்சி போய் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவள் இருந்தபோது அவளைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கக்கூடியவர், போனபோது சொல்லியனுப்பியிருக்க வேண்டியவர் ஒருவர், ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறார். சொல்லவேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை, ஏனென்றால் அந்தப் பட்டியலை எழுதியது நாங்கள். அம்மாதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் அழவில்லை. படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார், திரும்ப நிமிர்த்தினார்.

“ஆனி மாசம் பொறந்தவ அவ” என்றார். “கார் நடவு நடந்துக்கிட்டு இருந்துச்சாம். அவங்கம்மைக்கு வயல்லயே வலி வந்திட்டுன்னு எங்கம்மை சொல்லுவா. நான் ஆடி. அவ எனக்கு ஒரு மாசம் மூத்தவ. அதச் சொல்லிச் சொல்லியே என்ன வேல வாங்குவா.”

நான் பையிலிருந்து பென்சிலை எடுத்து, படத்தின் பின்பக்கத்தில் இருந்த ‘தெரியவில்லை’ என்பதை அழித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். ஆச்சியின் பெயருக்குக் கீழே ‘1940, ஆனி, கார் நடவு’ என்று எழுதினேன். அவருக்குக் கொடுப்பதற்காக ஸ்டுடியோவில் பெரிதாக்கிக் கொண்டுபோயிருந்த படத்தை மருமகள் வாங்கி, சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டப் போனார். “அங்க வேண்டாம்” என்றார் அவர். “கட்டிலுக்குப் பக்கத்துல வை.”